ஓடுபாதையும் அதன் ஒழுங்குமுறையும்

விமானப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது நம் எண்ணம் இயல்பாகவே வானத்தை நோக்கிச் செல்கிறது. உயரம், வேகம், மேகக் கூட்டம் ஆகியவையே நினைவில் நிற்கின்றன. ஆயினும் சற்று ஆராய்ந்து நோக்கினால், வானம் விமானத்திற்கு விசாலமான இடம் என்பதும், தரையே நெருக்கடியான இடம் என்பதும் புலனாகும். வானில் ஒரு விமானத்திற்கும் மற்றொன்றுக்கும் இடையே மேல்கீழாக ஆயிரம் அடியோ, பக்கவாட்டில் பல மைலோ இடைவெளி விட முடிகிறது. தரைக்கு வந்தால், எத்திசையிலிருந்து வந்த விமானமாயினும், எத்திசைக்குச் செல்லும் விமானமாயினும், யாவும் ஒரே கீற்றின் மீது வந்து சேர வேண்டியிருக்கிறது. இரண்டு மைல் நீளமும் ஐம்பது அறுபது மீட்டர் அகலமும் உடைய அந்தக் கீற்றுக்கே ஓடுபாதை என்று பெயர்.

பணி நிமித்தம் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர், ஊர்த் திருவிழாவிற்கும் உறவினர் திருமணத்திற்கும், சில வேளைகளில் தந்தை தாயரின் இறுதி முகம் காண்பதற்கும் இன்று விமானத்தையே நாடுகின்றனர். இரண்டு இரவுகள் ரயிலில் கழித்துச் சென்ற தலைமுறையின் பிள்ளைகள் மூன்று மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் இறங்குகின்றனர். அந்த மூன்று மணியில் தரையில் கழியும் சில நிமிடங்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. அந்தச் சில நிமிடங்களைக் காக்கும் விதிகள் எவ்வாறு பிறந்தன, அவற்றுக்கு மனித குலம் என்ன விலை கொடுத்தது என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முதலில் ஓடுபாதை என்பதே இல்லாதிருந்த காலத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், அலகாபாத்தில் நடைபெற்ற பொருட்காட்சியின்போது ஆன்ரி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி, ஏறத்தாழ 6,500 கடிதங்களைச் சுமந்து யமுனை ஆற்றைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகில் அரசு அஞ்சலை விமானம் சுமந்த வரலாறு அந்த நாளில் நம் நாட்டு மண்ணிலேயே தொடங்கியது. அவர் புறப்பட்டது ஒரு திறந்த மைதானம். அக்காலத்து விமானங்கள் இலேசானவை, காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அத்திசையை நோக்கி ஓடி எழும்பும், இறங்குவதும் அவ்வாறே. எதிர்க்காற்று இறக்கைக்குத் தூக்கும் வலிமையைத் தருவதால் குறைந்த தூரமே ஓட வேண்டியிருக்கும். ஆகவே நாற்புறமும் திறந்த புல்வெளியே சிறந்த விமானத்தளமாகக் கருதப்பட்டது. காற்றின் திசையைக் காட்டத் துணிப்பை ஒன்று கம்பத்தில் கட்டப்பட்டிருக்கும். அதுவே அன்றைய விதிப்புத்தகம்.

அதே 1911ஆம் ஆண்டில் இந்திய ஆகாயக் கப்பல் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டமும், அதன் கீழ் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளும் வந்தன. குடியரசு ஆன பிறகும் நெடுங்காலம் நம் விமானத் துறையின் அடிப்படையாக இருந்தது 1934ஆம் ஆண்டுச் சட்டமே. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டின் பாரதிய வாயுயான் அதிநியம் அதன் இடத்தைப் பெற்று 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

புல்வெளிக் காலம் நம் நாட்டில் முடிவுற்றதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று பருவமழை. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜூஹு தளத்திற்கு அஞ்சல் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு சேர்த்தார். சென்னைக்கு முறையான விமான அஞ்சல் கிடைத்த வரலாறு அதுவே. ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் ஜூஹு சேற்றுநிலமாகிவிடும். ஆதலால் அம்மாதங்களில் டாட்டா நிறுவனத்தார் தம் விமானங்களைப் புனாவிலிருந்து இயக்க நேர்ந்தது. விமானங்கள் கனத்துக்கொண்டே போயின. மண்ணும் புல்லும் அவற்றைத் தாங்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களும் சரக்கு விமானங்களும் பெருகியபோது, தில்லியின் பாலம், பம்பாயின் சாந்தாகுரூஸ் போன்ற இடங்களில் கெட்டியான தளங்கள் அமைந்தன. புல்வெளி கற்காரைக் கீற்றாயிற்று.

இம்மாற்றம் வெறும் கட்டடக் கலை மாற்றம் அன்று. மைதானத்தில் எவரும் எத்திசையிலும் ஓடலாம். கீற்றில் இரண்டே திசைகள் உண்டு. மைதானத்தில் ஒருவர் மற்றொருவரை விலகிச் செல்லலாம். கீற்றில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடம் உண்டு. இடம் குறுகியபோதே விதி பிறந்தது.

ஓடுபாதை ஒன்று கையில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு நாட்டின் தலைவிதியையே மாற்றக்கூடும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. 1947ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நம் வீரர்களை ஏற்றிச் சென்ற டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகரின் தளத்தில் இறங்கியதனாலேயே அந்நகரம் காக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு மே மாதத்தில், சோனம் நோர்பு என்னும் லடாக்கியப் பொறியியலாளர் உள்ளூர் மக்களின் உழைப்பைக் கொண்டு லே நகரில் அமைத்த மண்தளத்தில் ஏர் கமடோர் மேஹர் சிங், தளபதி திம்மய்யாவை உடனழைத்துக்கொண்டு டகோட்டா விமானத்தை இறக்கினார். 1971ஆம் ஆண்டு டிசம்பரில், போரின்போது குண்டுவீச்சில் சிதைந்த புஜ் நகரத்து ஓடுபாதையை மாதாப்பர் சிற்றூரைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் 72 மணி நேரத்தில் செப்பனிட்டுக் கொடுத்தனர். குஜராத்தில் வாழும் நம்மவர் அவ்வூர்ப் பக்கம் செல்ல நேர்ந்தால் இந்நிகழ்ச்சியை நினைவு கூர்வது தகும்.

போர் முடியும் தறுவாயில், 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 52 நாடுகள் உலகப் பொது விமான ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அதன் வழியே பிறந்ததே அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. அந்த ஒப்பந்தத்திற்குப் பல இணைப்புகள் உண்டு. விமான நிலையங்களின் அமைப்பைப் பற்றிய பதினான்காம் இணைப்பு 1951ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முதன்முதலில் ஏற்கப்பட்டது. தில்லியில் இறங்கும் விமானியும் டோக்கியோவில் இறங்கும் விமானியும் ஒரே வகைக் கோட்டையும் ஒரே வண்ண விளக்கையும் காண்பதற்கு அதுவே காரணம்.

அவ்விணைப்பு கூறும் ஒழுங்கைச் சிறிது விளக்குவோம். ஓடுபாதைக்குப் பெயர் இல்லை, எண் உண்டு. காந்த ஊசி காட்டும் வடக்கிலிருந்து வலமாக அளந்து, கிடைக்கும் பாகையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் அதுவே ஓடுபாதையின் எண். சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எழுதப்பட்டுள்ளது. ஏறத்தாழ 70 பாகைத் திசையில், அதாவது கடலை நோக்கிச் செல்லும் விமானத்திற்கு அது 07. எதிர்த்திசையில் செல்வதற்கு அதுவே 25. இரண்டு எண்களுக்கும் உள்ள வேற்றுமை எப்போதும் 18 ஆகவே இருக்கும். அரை வட்டம் 180 பாகை அல்லவா? பூமியின் காந்த வடக்கு மெல்ல இடம் பெயர்வதால் இந்த எண்களும் என்றென்றைக்கும் நிலையானவை அல்ல. இங்கிலாந்தின் ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 05, 23 என்றிருந்த எண்களை 2009ஆம் ஆண்டில் 04, 22 என்று மாற்றி எழுதினர். ஓடுபாதை அசையவில்லை, காந்த வடக்கு அசைந்தது.

ஓடுபாதையிலிருந்து விமானங்கள் நிறுத்தப்படும் தளத்திற்குச் செல்லும் வழிக்கு டாக்சிவே என்று பெயர். விமானம் தன் சக்கரங்களில் ஊர்ந்து செல்வதை, வாடகை மோட்டாருக்கு வழங்கும் அதே சொல்லால் ஆங்கிலத்தார் குறிக்கின்றனர்; தமிழிலும் அச்சொல்லே நிலைத்துவிட்டது. ஓடுபாதைகள் எண்களால் குறிக்கப்படுவது போல டாக்சிவேக்கள் எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. அவ்வெழுத்துகளில் ஐ, ஓ, எக்ஸ் என்னும் மூன்றையும் இயன்றவரை தவிர்க்குமாறு பதினான்காம் இணைப்பு அறிவுறுத்துகிறது. முதலெழுத்து ஒன்று என்னும் எண்ணைப் போலவும், அடுத்தது பூஜ்யத்தைப் போலவும் தோன்றும். மூன்றாவதோ மூடப்பட்ட பாதையின் மீது வரையப்படும் பெருக்கற்குறியை ஒத்திருக்கும். ஓர் எழுத்தின் தோற்றத்தினால் விளையக்கூடிய தீங்கையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட விதி இது.

ஓடுபாதையின் குறிகள் வெள்ளை; டாக்சிவேயின் குறிகள் மஞ்சள். இரவில் ஓடுபாதையின் ஓரங்களில் வெண்மையும், டாக்சிவேயின் ஓரங்களில் நீலமும், அதன் நடுக்கோட்டில் பச்சையும் ஒளிரும். டாக்சிவே ஓடுபாதையை அடையும் இடத்திற்குச் சற்று முன்னால் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே வரையப்பட்டிருக்கும். அவற்றுள் இரண்டு தொடர்ந்த கோடுகள், இரண்டு விட்டுவிட்டு வரைந்த கோடுகள். தொடர்ந்த கோடுகள் உள்ள பக்கத்திலிருந்து வருபவர், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியின்றி அவற்றைத் தாண்டலாகாது. விட்டுவிட்டு வரைந்த கோடுகள் உள்ள பக்கத்திலிருந்து, அதாவது ஓடுபாதையை விட்டு வெளியேறுபவர், தடையின்றி வரலாம். உள்ளே வருவதற்கு அனுமதி வேண்டும். வெளியே போவதற்குத் தாமதம் கூடாது என்பதே இதன் பொருள். பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண் எழுதப்பட்டிருக்கும். பெரிய விமானங்களுக்கான, கருவி கொண்டு துல்லியமாக இறங்கும் ஓடுபாதையாயின், அந்த நிறுத்தக் கோடு ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 90 மீட்டரேனும் தள்ளி இருத்தல் வேண்டும்.

வழிவிடும் முறையும் வரையறுக்கப்பட்டுள்ளது. இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் நிற்க வேண்டும். அல்லது இயன்றவரை வலப்புறம் விலக வேண்டும். நம் சாலைகளில் இடப்புறம் செல்லும் வழக்கத்திற்கு இது மாறானது. கடலில் கப்பல்கள் விலகும் முறையை ஒத்தது. குறுக்கே சந்திக்க நேர்ந்தால், தனக்கு வலப்புறத்தில் மற்றொன்றைக் காணும் விமானம் வழிவிட வேண்டும். தரையில் ஊரும் எவ்விமானமும், இறங்கும் விமானத்திற்கும் ஏறும் விமானத்திற்கும் வழிவிட வேண்டும். மோட்டார் வண்டிகள் யாவும் விமானத்திற்கு வழிவிட வேண்டும். வானொலித் தொடர்பு அற்றுப் போனாலும் கோபுரத்திலிருந்து விளக்கொளி பேசும். தரையிலுள்ள விமானத்திற்கு நிலையான பச்சை காட்டினால் புறப்படலாம் என்று பொருள். விட்டுவிட்டு ஒளிரும் பச்சைக்கு ஊர்ந்து செல்லலாம் என்று பொருள். நிலையான சிவப்பு நில் என்பது. விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு ஓடுபாதையை விட்டு விலகு என்பது. விட்டுவிட்டு ஒளிரும் வெண்மை புறப்பட்ட இடத்திற்கே திரும்பு என்பது.

இனி, மொழிபெயர்ப்புப் பணியில் நாள்தோறும் ஈடுபட்டிருக்கும் நமக்கு இவ்விதிகளில் மிகுதியும் கருத்தைக் கவர்வது ஒன்று உண்டு. விமான நிலையத்தின் தரையை விதிகள் இரு சொற்களால் பகுக்கின்றன. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஊர்வதற்கும் உரிய பரப்பு ஒன்று. அதனோடு விமானங்கள் நிறுத்தப்படும் தளத்தையும் சேர்த்த பரப்பு மற்றொன்று. ஆங்கிலத்தில் இரு வேறு சொற்களாயினும், அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் இயக்கம், நகர்வு என்று ஏறக்குறைய ஒரே பொருள் கிடைக்கும். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்துவிட்டால் வாக்கியம் அழகாகவே அமையும். ஆனால் பயணிகளும் பெட்டி வண்டிகளும் எரிபொருள் வண்டிகளும் நடமாடும் தளம் எங்கே முடிகிறது, ஓடுபாதையைச் சார்ந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்பது மறைந்துபோகும். இலக்கியத்தில் ஒரு சொல் பிழைத்தால் சுவை குன்றும். இத்துறையில் ஒரு சொல் பிழைத்தால் என்ன நேரும் என்பதை 1977ஆம் ஆண்டு உலகம் கண்டது.

அவ்வாண்டு மார்ச் 27ஆம் நாள், கானரித் தீவுகளுள் ஒன்றின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே செல்ல வேண்டிய விமானங்கள் அருகிலுள்ள டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் நிலையத்திற்குத் திருப்பப்பட்டன. அது சிறிய நிலையம், ஓடுபாதை ஒன்றே. நிறுத்தும் தளமும் டாக்சிவேயும் விமானங்களால் அடைபட்டுவிட்டமையால், புறப்படும் விமானங்கள் ஓடுபாதையின் மீதே எதிர்முனை வரை ஊர்ந்து சென்று திரும்ப வேண்டியதாயிற்று. டச்சு நிறுவனமான கே.எல்.எம்மின் ஜம்போ விமானம் முனையை அடைந்து திரும்பி நின்றது. அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் ஜம்போ விமானம் பின்னால் அதே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மூடுபனி சூழ்ந்தது. கோபுரத்தில் இருந்தோருக்கு இரண்டும் தெரியவில்லை. ஒன்றுக்கு மற்றொன்றும் தெரியவில்லை. தரையைக் காட்டும் ரேடாரும் அங்கில்லை.

கோபுரம் டச்சு விமானத்திற்கு, எழும்பிய பின்னர் வானில் செல்ல வேண்டிய வழியைத் தெரிவித்தது. அச்செய்தியில் 'டேக் ஆஃப்' என்னும் சொல் இருந்தது. புறப்பட அனுமதி கிட்டிவிட்டதாகக் கொண்ட தலைமை விமானி விசையை முடுக்கினார். துணை விமானி கோபுரத்திற்குச் சொன்ன மறுமொழி, புறப்படும் இடத்தில் இருக்கிறோம் என்றும் பொருள்படும், புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் பொருள்படும். கோபுரம் முதலில் 'ஓகே' என்று சொல்லி, பின்னரே காத்திருக்கும்படி கூறியது. அதே கணத்தில் அமெரிக்க விமானத்தார், தாம் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாக அறிவித்தனர். இரண்டு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதியமையால், டச்சு விமானிகளின் செவியில் ஒரு சீழ்க்கை ஒலியே பெரிதும் விழுந்தது. சில நொடிகளில் 583 உயிர்கள் மாண்டன. விமான விபத்துகளின் வரலாற்றில் இதனினும் பெரிய உயிரிழப்பு நேர்ந்ததில்லை. அது வானத்தில் நேரவில்லை. ஓடுபாதையின் மீது நேர்ந்தது.

அதன் பின்னர் உலகெங்கும் ஒரு விதி வகுக்கப்பட்டது. 'டேக் ஆஃப்' என்னும் சொல், புறப்படுவதற்கு உண்மையில் அனுமதி அளிக்கும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே வழங்கப்படும். ஏனைய இடங்களில் வேறு சொல்லே ஆளப்படும். நில் என்று கோபுரம் சொன்னால், 'ஆகட்டும்' என்று விமானி விடையிறுத்தால் போதாது. எந்த ஓடுபாதைக்கு முன்னால் நிற்கிறோம் என்பதை முழுவதும் திரும்பச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை ஆசிரியர் சொல்ல மாணவர் திரும்பச் சொல்லும் பழைய முறையை இது ஒத்திருக்கிறது. கேட்டது இன்னது என்பதைச் சொன்னவரே சரிபார்க்க வேறு வழியில்லை.

சொல் வரிசை மாறினாலும் இடர் உண்டு. அமெரிக்காவில் நெடுங்காலம், ஓடுபாதைக்குள் சென்று நின்று காத்திரு என்பதைக் குறிக்க இரண்டு சொற்களை ஒரு வரிசையில் வழங்கினர். இருக்கும் இடத்திலேயே நில் என்பதற்கு ஏறக்குறைய அதே சொற்கள் மாற்று வரிசையில் வழங்கின. ஒன்று உள்ளே வா என்பது. மற்றொன்று வராதே என்பது. 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் முதல் அமெரிக்கர் முந்தைய சொற்றொடரைக் கைவிட்டு, உலகப் பொது வழக்கான, 'வரிசையில் நின்று காத்திரு' என்று பொருள்படும் தொடரை ஏற்றுக்கொண்டனர்.

சொல் சரியாக இருந்தும் குறி மங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதை இத்தாலியின் மிலான் நகரம் காட்டியது. 2001ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் காலை, லினாத்தே நிலையத்தில் அடர்ந்த மூடுபனியில் ஒரு சிறு விமானம் தனக்குரிய டாக்சிவேக்குப் பதிலாக மற்றொன்றில் திரும்பி ஓடுபாதையில் நுழைந்தது. புறப்பட்டுக்கொண்டிருந்த ஸ்காண்டிநேவிய விமானம் அதன்மேல் மோதியது. 118 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நால்வர் தரையில் பணி செய்துகொண்டிருந்தவர்கள். அந்நிலையத்தின் பாதைக் குறிகள் வரையறைக்கு ஏற்ப இல்லை. பழைய தரை ரேடார் நிறுத்தப்பட்டிருந்தது. புதியது இயங்கத் தொடங்கியிருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, அக்டோபர் 31ஆம் நாள், தைபே நகரில் கடும் புயல்மழையிடையே சிங்கப்பூர் விமானம் ஒன்று, தனக்குரிய ஓடுபாதையை விட்டு, அதற்கு இணையாக அமைந்து செப்பனிடும் பணிக்காக ஒரு பகுதி மூடப்பட்டிருந்த பாதையில் ஓடி, அங்கிருந்த இயந்திரங்களின் மீது மோதியது. 83 பேர் மாண்டனர்.

நம் நாட்டின் அனுபவம் பெரிதும் ஓடுபாதையின் முடிவைப் பற்றியது. மலையுச்சியைச் சமன்செய்து, இருபுறமும் பள்ளம் வீழ அமைந்த மேசை போன்ற ஓடுபாதைகள் மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் உண்டு. 2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம், ஓடுபாதையில் பாதிக்கும் மேல் கடந்த பின்னரே நிலத்தைத் தொட்டு, முடிவைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தது. 158 பேர் மாண்டனர், எண்மர் பிழைத்தனர். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் கோழிக்கோட்டிலும் மழையிடையே அத்தகைய நிகழ்ச்சி நேர்ந்து 21 உயிர்கள் போயின. இரண்டு விமானங்களிலும் வந்தவர் பெரும்பாலும் வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள். அயலூரில் பிழைப்பவருக்கு அந்தக் கடைசி ஆயிரம் அடியின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடுபாதையின் முடிவிற்கு அப்பால் காப்புப் பரப்பு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது விதி. ஓடுபாதையைச் சூழ்ந்த பட்டைநிலத்திற்கு அப்பால் குறைந்தது 90 மீட்டர் கட்டாயம் என்றும், பெரிய விமானங்கள் இறங்கும் இடங்களில் 240 மீட்டர் விரும்பத்தக்கது என்றும் பதினான்காம் இணைப்பு கூறுகிறது. மலையுச்சியில் அந்த 150 மீட்டர் வேற்றுமையைப் பெறுவது எளிதன்று. ஓடுபாதையைக் குறைக்க வேண்டும், அல்லது பள்ளத்தை நிரப்ப வேண்டும். 'கட்டாயம்' என்னும் சொல்லுக்கும் 'விரும்பத்தக்கது' என்னும் சொல்லுக்கும் இடையே சில வேளைகளில் ஒரு பள்ளத்தாக்கே இருக்கிறது.

சென்னையின் நிலை வேறு. அங்கே இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன, மும்பையிலும் அவ்வாறே. வெட்டிச் செல்லும் பாதைகளில், ஒன்றில் நிகழ்வதை மற்றொன்று எண்ணியே ஆக வேண்டும். சென்னையின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேல் கட்டிய பாலத்தின் மீது செல்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது வெள்ளம் விமான நிலையத்தினுள் புகுந்தது; நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. வெளி மாநிலங்களில் இருந்த நம்மவர் பலர் அந்நாட்களில் ஊருக்குத் தொலைபேசியும் கிட்டாமல், விமானமும் கிட்டாமல் தவித்தனர்.

ஓடுபாதையைக் காப்பது வேலிக்குள் இருப்போரின் கடமை மட்டும் அன்று. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் இடம்பெற்ற 91ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வட்டத்திற்குள், விலங்குகளையும் பறவைகளையும் ஈர்க்கும் வண்ணம் கால்நடைகளை வெட்டித் தோலுரிப்பதையும் குப்பை கூளங்களைக் கொட்டுவதையும் தடை செய்தது. கழுகும் பருந்தும் விமானத்தின் இயந்திரத்தில் சிக்கினால் விளையும் தீங்கு பெரிது. பத்துக் கிலோமீட்டர் என்பது பல நகரங்களில் இலட்சக்கணக்கானோர் குடியிருக்கும் பரப்பு. நம் தெரு முனையில் கொட்டப்படும் குப்பைக்கும் ஓடுபாதைக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு இருக்கிறது.

இத்தனை விதிகள் வந்த பின்னரும் இடர் முற்றும் நீங்கிவிடவில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், முந்தைய நாள் நிலநடுக்கத்தால் துன்புற்ற மக்களுக்கு உதவிப் பொருள் ஏற்றிய கடலோரக் காவல் விமானம் ஒன்று ஓடுபாதையில் நுழைந்து நின்றது. புறப்படும் வரிசையில் முதலாவது என்று கோபுரம் அதற்குத் தெரிவித்திருந்தது. ஓடுபாதைக்கு வெளியே உள்ள நிறுத்தக் கோடு வரையில் செல்லும்படியே சொல்லியிருந்தது. 'முதலாவது' என்னும் சொல், உள்ளே நுழையும் அனுமதியாகக் கொள்ளப்பட்டது. இறங்கிய ஜப்பானியப் பயணி விமானம் அதன்மேல் மோதித் தீப்பற்றியது. அவ்விமானத்திலிருந்த 379 பேரும் தம் கைப்பெட்டிகளை விட்டுவிட்டு, பணியாளர் சொற்படி வரிசையாக இறங்கி உயிர் தப்பினர். கடலோரக் காவல் விமானத்தில் இருந்த அறுவருள் ஐவர் மாண்டனர். டெனரீஃபில் ஒரு சொல்; நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஹனேடாவில் மற்றொரு சொல். சில நாட்களிலேயே ஜப்பானியர் அந்தச் சொல்லின் வழக்கை நிறுத்தி வைத்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? விமான நிலைய விதிகள் எவரோ ஓர் அறையில் அமர்ந்து கற்பனையால் எழுதியவை அல்ல. அவற்றுள் பல விதிகளின் பின்னால் ஓர் ஊரின் பெயரும் ஒரு நாளும் ஓர் எண்ணிக்கையும் நிற்கின்றன. அவற்றை மொழிபெயர்ப்போரும், வண்ணம் பூசிக் கோடு வரைவோரும், நள்ளிரவில் விளக்குகளைச் சரிபார்ப்போரும், கோபுரத்தில் அமர்ந்து ஒரே சொல்லை ஆயிரம் முறை மாற்றாமல் சொல்வோரும் ஒரே பணியின் பல கைகள். அவர்கள் செவ்வனே பணி செய்யும் நாளில் எதுவும் நிகழ்வதில்லை. எதுவும் நிகழாமையால் அவர்கள் பணியை எவரும் காண்பதும் இல்லை.

பயணிகளாகிய நம்மிடம் இவ்வொழுங்கு கேட்பது மிகச் சிறிது. இறங்கிய விமானம் டாக்சிவேயில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது எழுந்து நின்று பெட்டியை எடுக்காமல் இருப்பது. ஆபத்தில் இறங்க நேர்ந்தால் பெட்டியை விட்டுவிட்டு இறங்குவது. புறப்படும் விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் காரணம் தெரியாமல் நின்றால் சினம் கொள்ளாமல் இருப்பது. அவ்வாறு நிற்கும்போது சன்னல் வழியே நோக்கினால், பக்கத்தில் சிவப்புப் பலகையும், தரையில் நான்கு மஞ்சள் கோடுகளும் சில வேளைகளில் கண்ணுக்குப் புலப்படும். மற்றொரு விமானம் இறங்கி, ஓடி, விலகிச் செல்லும். அதில் வருவோரும் நம்மைப் போல் எங்கோ ஒரு வீட்டை நோக்கி வருபவர்களே. அவர்கள் சென்ற பின்னர் நமக்கு வழி திறக்கும்.